திருநாவலூர் மூலப்படி

எக்செல் தாளில் யார், எப்போது, எந்தக் கட்டத்தைத் திருத்தினார் என்று பதிந்துவைக்க நாலு வரி மேக்ரோ போதும். 1993-இல் எக்செல் 5-உடன் விபிஏ என்னும் மேக்ரோ மொழி வந்த நாள் முதல் இந்தச் சாமர்த்தியம் உண்டு. திருநாவலூர்க்காரர்களுக்கோ இது பழைய கதை. அவ்வூர்ச் சுந்தரர் மணக்கோலத்தில் இருந்தபோது முதியவர் ஒருவர், 'நீ எனக்கு அடிமை' என்னும் ஓலையோடு வந்தார். மாப்பிள்ளை பிடுங்கிக் கிழித்தார். டெலிட்! முதியவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவந்தது. அதிலிருந்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை ஒத்துப்பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வருகைப் பதிவுக்கு மேக்ரோ எழுதச் சோம்பல்பட்டு, ஒருவர் நவ் ஃபார்முலாவைப் போட்டுவைத்தார். அது கோப்பைத் திறக்கும்போதெல்லாம் புதுநேரம் காட்டும். ஆக, மாலை 5 மணிக்குத் திறந்தால் எல்லோரும் அப்போதுதான் வேலைக்கு வந்திருப்பார்கள். (சிலர் விஷயத்தில் அது உண்மை.)

யார் திருத்தினார் என்பதும் சுந்தரர் பட்டியலில் தெளிவு. அவர் பாடிய தனித்தனிச் சிவனடியார்கள் 60 பேர். பின்னாளில் நம்பியாண்டார் நம்பி, சுந்தரரையும் அவர் பெற்றோரையும் சேர்த்து 63 ஆக்கினார். சேர்த்தவர் பெயர் இன்றும் தெரிகிறது, பாருங்கள். எங்கள் தாளில் மூன்று வரி கூடினால், திருத்தியவர் பெயர் 'அட்மின்'.