கிராம்பின் ஸ்தானம்: ஓர் ஆராய்ச்சி

அயர்லாந்து தேசத்து இல்லங்களில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, அண்டா போன்ற பாத்திரத்தில் பன்றியின் பின்னந்தொடை வெந்துகொண்டிருக்க, அடுப்பங்கரையில் கூடுவோர் விவாதிக்கும் விஷயங்களுள் அதிமுக்கியமானதும், எந்தச் சாஸ்திரமும் இதுகாறும் தீர்த்துவைக்காததுமான ஒன்று உண்டு: கொழுப்பின்மேல் கிராம்பைக் குத்தவேண்டிய இடம் கட்டத்தின் நடுவா, கோடுகள் கூடும் சந்தியா? இவ்விரு மதங்களுக்கும் முறையே மத்தியவாதம், சந்திவாதம் என்று நாமகரணம் செய்துகொண்டு விசாரணைக்குள் புகுவோம்.

பூர்வாங்க கிரியைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். உப்பிலிட்டுப் பதப்படுத்திய தொடையாகிய ஹாமை இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்கவேண்டும். ஊறாத ஹாமை உண்பவர் மறுநாள் வரை தண்ணீர்க் குடத்தை விட்டு அகலமாட்டார். பிறகு புது நீரில், தளதளவென்று கொதிக்கவிடாமல், ராத்தலுக்கு 20 நிமிஷமும் அதற்குமேல் இன்னொரு 20 நிமிஷமும் வேகவைக்கவேண்டும் என்பது விதி. 10 ராத்தலுக்கு 3 மணி 40 நிமிஷம். அந்த உபரி 20 நிமிஷம் எதற்கு என்று நான் கேட்ட இடமெல்லாம், பாட்டி அப்படித்தான் செய்தாள் என்பதே பிரமாணமாகக் கிடைத்தது. ஜூனிப்பர் புகையூட்டிய லிமெரிக் நகரத்து ஹாமின் புராதனக் கீர்த்தியைப் பற்றித் தனி நூலே எழுதலாமாதலால் அதை இங்கே விடுக்கிறேன்.

சூடு சற்றே தணிந்ததும் ஓரத்தைக் கத்தியால் நெம்பி, விரல்களை உள்ளே செலுத்தி இழுத்தால், நனைந்த காலுறை கழல்வதுபோலத் தோல் ஒரே துண்டாகக் கழன்றுவரும். அடியில் தந்தம்போல் வெளுத்துத் தோன்றும் கொழுப்பின்மீது, மாமிசத்தைத் தீண்டாத ஆழத்தில், இரு திசைகளிலும் சாய்வாகக் கோடுகள் கீற, சாய்சதுரங்கள் உண்டாகின்றன. இங்கேதான் க்ஷேத்திர கணிதம் குறுக்கிடுகிறது. திசைக்கு 8 கோடுகள் என்று கொண்டால் சந்திகள் 64. முழுக் கட்டங்களோ 49. ஆகவே சந்திவாதியின் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 15 கிராம்பு அதிகச் செலவு. மொலுக்கஸ் தீவுகளில் பிறந்த ஒரு மரத்தின் மலராத மொட்டு, ஆணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்தில் பெயரும் பெற்று, பன்றிக் கொழுப்பில் ஆணியாகவே அறையப்படுவதற்கு இத்தனை தூரம் வந்திருக்க, அதில் 15-ஐ விரயம் செய்வதா என்பது மத்தியவாதிகளின் வாதம்.

டப்ளினில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் மத்தியவாதி; அவருடைய மாமியார், சொல்லவே வேண்டாம், சந்திவாதி. சமாதானத்தின்பொருட்டு இடப்பாதி மாமியாருக்கும் வலப்பாதி மருமகளுக்கும் என்று தொடை பாகப்பிரிவினை செய்யப்பட்டது. கிழவி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கிராம்பையும் நான்கு முனைக் கிரீடம் வெளியே தெரியும்படி நிறுத்தி, பெருவிரலால் ஒருமுறை அழுத்தினார். பழுப்புச் சர்க்கரையும் கடுகு விழுதும் ஆரஞ்சு மார்மலேடும் ஒரு கரண்டி விஸ்கியும் குழைத்த பாகைப் பூசி, 400 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் அரை மணி நேரம் ஓவனில் வைத்தார்கள்.

திறந்து பார்த்தபோது பாகு செம்மணிபோல் மின்னியது. ஆனால் சூட்டில் கொழுப்பு சுருங்கிக் கீறல்கள் வாய்பிளந்திருந்தமையால், சந்தியில் நின்ற கிராம்புகளில் மூன்று தட்டில் விழுந்து கருகிக்கிடந்தன. சித்தாந்தம் நிலைநாட்டப்பட்டதென்று நான் குறிப்பேட்டைத் திறந்தேன். மாமியார் அசரவில்லை.

“விழுந்தால் என்ன? வாசனை உள்ளே போயாயிற்றே” என்றார்.

அந்த வாதத்துக்கு மறுப்பு இன்றளவும் எனக்குத் தோன்றவில்லை. 26-ஆம் தேதி, புனித ஸ்தேவான் திருநாளன்று, மிஞ்சிய ஹாமை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்த வீட்டுக்காரர் திடீரென்று முகத்தைச் சுளித்தார். பல்லில் அகப்பட்டது ஒரு கிராம்பு. “என்னுடையது அல்ல” என்று இரு பெண்மணிகளும் ஏககாலத்தில் கூறினார்கள். பக்கத்தை நிர்ணயிப்பதற்கு அந்த ஹாம் துண்டு இன்றியமையாத சாட்சியம் என்று நான் எடுத்துரைப்பதற்குள், அவர் அதை விழுங்கிவிட்டார்.