ஈமு வளர்ப்பு: ஒரு வரவு செலவுக் குறிப்பு

ஈமு, பறக்காத ஆஸ்திரேலியப் பறவை. ஐந்தடிக்கு மேல் உயரம். ஓட்டம் மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. 1932-இல் அந்நாட்டு ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு இதன்மேல் போர் தொடுத்துத் தோற்றுத் திரும்பியது. உசிலம்பட்டிப் பக்கம் அரை ஏக்கரில் கம்பிவேலி போட நினைப்பவர் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

பறவை மதுரை வெயிலைத் தாங்கிவிடும். முட்டையிட ஒன்றரை, இரண்டு வயதாகும்; அதுவரை தீவனம் மட்டும் தவறாமல் நடக்கும். அடைகாப்பது சேவல்தான், எட்டு வாரம், ஏறக்குறைய பட்டினியாக. இத்தொழிலில் முதல் போட்டவர்களும் பின்னர் அதே நிலையை அடைந்தனர்.

பெருந்துறை சுசி ஈமு பண்ணையின் திட்டப்படி, ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதம் 6,000 ரூபாய், ஆண்டு போனஸ் 20,000. பறவையை வளர்க்கவே விரும்பாத 'விஐபி'க்கு மாதம் 7,000. வளர்க்காதவருக்குக் கூடுதல் லாபம் தரும் கால்நடை இது ஒன்றே. 2012 ஆகஸ்டில் நிறுவனம் மூடிக்கொண்டது. கைவிடப்பட்ட பறவைகளுக்குத் தீனி போடும் வேலை அரசின் தலையில் விழுந்தது. முதலீட்டாளர்களுக்கு 1997-ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மிஞ்சியது.

இறைச்சி, எண்ணெய், தோல், இறகு என ஈமுவில் எல்லாமே பணம் என்பார்கள். வாங்க ஆள் வேண்டும் என்பதே குறை. ஆட்டுக்கறிக்கும் நாட்டுக்கோழிக்கும் பழகிய மதுரையில் அந்த ஆளைக் கண்டுபிடித்த பிறகு குஞ்சு வாங்கலாம். அதுவரை வெள்ளாடு போதும்; அதற்கு விளம்பரமும் தேவையில்லை, விஐபி திட்டமும் கிடையாது.