முப்பது மில்லி மகான்

விருந்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் கிளாஸில் வாயை வைத்திருக்கும்போது இவர் மூக்கை வைத்திருப்பார். கண் மூடியிருக்கும். நெற்றி சுருங்கியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய், “என்ன சார், கொசு விழுந்துருச்சா?” என்று கேட்பார். மகான் அவ்வளவு நேரமும் காத்திருந்தது இப்படி ஒரு கேள்விக்குத்தான்.

“வெனிலா வருது. அடியில கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். அப்புறம்... இருங்க... பழைய தோல் பெட்டி.”

கேட்டவர் தன் கிளாஸையும் முகர்ந்து பார்ப்பார். அதில் விஸ்கி வாசனைதான் வரும். மூக்கில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று அவர் மனசுக்குள் ஒரு டாக்டரைத் தேட ஆரம்பிப்பார்.

மகான் பிறவியிலேயே மகான் அல்லர். கல்லூரி விடுதியில் நாலு பேரோடு சேர்ந்து காசு போட்டு ஒரு ஆஃப் பிராந்தி வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் கோலாவைக் கலந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டு ஊறுகாயை நக்கியவர்தான். நாக்கில் படாமல் விழுங்குவதுதான் அன்றைக்குத் திறமை. பிற்பாடு கம்பெனி இவரை ஆன்சைட் வேலைக்கு எடின்பரோ அனுப்பியது. ஒரு சனிக்கிழமை, மழை விடாததால் வேறு போக்கிடம் இல்லாமல், ஒரு டிஸ்டில்லரியைச் சுற்றிப்பார்க்கப் போனார். முளைகட்டிய பார்லி, கழுத்து நீண்ட செப்புக் கொப்பரைகள், இருட்டில் அடுக்கிக் கிடக்கும் பீப்பாய்கள் எல்லாம் காட்டி, மூன்று வருஷமாவது ஓக் பீப்பாயில் கிடந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச் என்றும் சொல்லி, கடைசியில் ஒரு ஸ்மால் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அவர் நாக்கில் பட விட்டார். போனவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு.

இப்போது வேளச்சேரி வீட்டில் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு முதலில் ஏ.சி. போடுவார்கள். மனிதர்களுக்காக அல்ல. விஸ்கியை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எழுதிவைத்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர் அறையை மனதில் வைத்து எழுதினார்கள். மே மாத வேளச்சேரி அவர்களுக்குத் தெரியாது. ஐஸ் போடலாமே என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அவருக்கு அந்த வீட்டில் அடுத்த அழைப்பு கிடையாது. ஆகவே ஏ.சி. பதினெட்டில் ஓடுகிறது. மாமியார் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்.

அடுத்து கிளாஸ். அடி பருத்து வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ் சந்தைக்கு வந்தது 2001இல். அதற்கு முன்னால் உலகத்தில் யாரும் ஒழுங்காக விஸ்கி குடித்ததில்லை என்பது இவர் கட்சி. அதில் முப்பது மில்லி, மீறினால் நாற்பது. பிறகு கண் மருந்து டிராப்பரால் மூன்று சொட்டுத் தண்ணீர். இது மட்டும் வெறும் பாவனை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் திரவத்தின் மேல்பரப்பை நோக்கி நகர்கிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மகானுக்குப் பிரச்சினை அறிவியலில் இல்லை, தண்ணீரில். கேன் தண்ணீர் கூடாதாம். மெட்ரோ தண்ணீரைப் பேசவே கூடாதாம். அந்த மூன்று சொட்டுக்காக ஃப்ரிஜ்ஜில் ஒரு பாட்டில் மினரல் வாட்டர் தனியாக இருக்கிறது. யார் அதைக் குடித்துத் தீர்த்தது என்பதுதான் அந்த வீட்டில் அடிக்கடி நடக்கும் சண்டை.

பிறகு கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்து நிறம் பார்ப்பார். “பாத்தீங்களா, ஷெர்ரி பீப்பாய்!” ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. அதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அமெரிக்கச் சரக்கின் பக்கம் இவரைத் திருப்பியது மச்சினன். கலிபோர்னியாவிலிருந்து வந்தபோது ஒரு போர்பன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனான். மகான் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் படிக்க ஆரம்பித்தார். படித்ததை எல்லாருக்கும் சொல்ல ஆரம்பித்தார். போர்பன் கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, அமெரிக்காவில் எங்கே செய்தாலும் சரி. ஆனால் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும், நிறம் மணம் எதுவும் சேர்க்கக் கூடாது. ஒருதரம் போர்பன் வைத்த பீப்பாயில் மறுபடி போர்பன் வைக்க முடியாது. அது கப்பலேறி ஸ்காட்லாந்து போகிறது. அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது மாதிரி, அங்கே வருஷக்கணக்கில் ஸ்காட்ச் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. “அப்ப நான் ஸ்காட்ச்சுல வெனிலான்னு சொன்னது அமெரிக்காக்காரன் மிச்சம் வச்சது!” என்று இதைக் கண்டுபிடித்த ராத்திரி இவர் மனைவியை எழுப்பிச் சொன்னார். மனைவி என்ன பதில் சொன்னார் என்பதை மகான் வெளியே சொல்வதில்லை.

அந்த ராத்திரிக்குப் பிறகு சொந்தபந்தங்களை இவர் லிட்டரில் அளக்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்கவரி இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். மச்சினன் இரண்டு லிட்டர். கல்யாணமான பிறகு நாலு. சிங்கப்பூர் சித்தப்பா சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்துவிட்டதால் அந்த வருஷம் பூஜ்யம். மாலைக்கும் சுங்கவரிக்கும் என்ன சம்பந்தம் என்று மகான் இன்றைக்கும் கேட்கிறார்.

அலமாரியின் நடுத்தட்டில் ஏழு பாட்டில் மூடிகள் வரிசையாக நிற்கின்றன. 1984இல் வந்த பிளான்டன்ஸ் போர்பனின் மூடிகள் அவை. ஒவ்வொன்றிலும் ஒரு குதிரையும் ஜாக்கியும், கூடவே ஓர் எழுத்தும். எட்டு மூடி சேர்ந்தால் அந்தப் பெயர் முழுசாக வரும், நின்ற குதிரை ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டும். இவரிடம் கடைசி ‘எஸ்’ இல்லை. குதிரை மூன்று வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. மச்சினன் கடைக் கடையாக ஏறி இறங்கி, கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்ததில் நாலு ‘டி’ சேர்ந்திருக்கிறது. மூடிகளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். ஒசாகா அருகே 1923இல் தொடங்கிய யமசாகி டிஸ்டில்லரியின் பாட்டில் ஒன்றுக்காக ஒதுக்கியது.

உள்ளூர்ச் சரக்கின் விஷயத்தில் மகானின் வரலாறு அவ்வளவு நேர்மையானதல்ல. டாஸ்மாக்கில் விற்கும் விஸ்கி பெரும்பாலும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்தது, அதற்கு விஸ்கி என்ற பெயரே தகாது என்பார். அது உண்மைதான். ஆனால் அதே வாயால் பெங்களூரு அம்ருத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான மால்ட் அது. விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010ஆம் ஆண்டு விஸ்கி பைபிளில் அம்ருத் ஃப்யூஷனை உலகத்தின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதியது கண்ணில் பட்டதும், “நான் அப்பவே சொன்னேனே” என்று ஆரம்பித்துவிட்டார். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். வெயில் கூடிய பெங்களூரில் அது பத்து சதவீதத்துக்கும் மேலே. நம்மூர்த் தேவதைகளுக்குத்தான் கெப்பாசிட்டி அதிகம் என்று மகான் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்.

இவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. குடித்ததன் குறிப்புகள். ஹீதர் பூ, மார்மலேட், கிறிஸ்துமஸ் கேக், ஈரமான பாசி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஹீதர் பூவை இவர் கண்ணால் பார்த்ததில்லை. ஒருநாள் போர்பன் ஒன்றை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, “ஏய், இது பாட்டி அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுறப்ப லேசா அடிபிடிக்குமே, அந்த வாசனைடா!” என்றார். நான் அவரைப் பார்த்த இத்தனை நாளில் அவர் நிஜமாகவே விஸ்கியை ருசித்துக் குடித்தது அந்த ஒரு வாய்தான். பிறகு நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார், ‘கேரமல்’ என்று எழுதினார்.

இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். சியாட்டில் பையனுக்குச் சம்பளம் அதிகம், சொந்த வீடு, பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. லூயிவில் பையனுக்கு வாடகை வீடு, பொருத்தமும் ஆறுதான். மகான் லூயிவில் பக்கம் நிற்கிறார். அமைதியான ஊராம், நல்ல மனுஷங்களாம். அந்த ஊர் கென்டக்கியில் இருப்பதை மனைவி ஃபோனில் பார்த்துவிட்டார்.

“பையன் குடிப்பானான்னு விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சேனே. தொடவே மாட்டானாம்!”

“அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?”

“ரெண்டு பேருமா வந்தா நாலு லிட்டர். நாலும் நமக்குத்தானே?”

உள்ளேயிருந்து வந்த மகள், தனக்கு இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம், மேல்படிப்புக்கு ஜப்பான் போகப் போவதாகச் சொன்னாள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகான் அலமாரியின் காலியான இடத்தை ஒருதரம் பார்த்தார்.

“எந்த ஊரும்மா? ஒசாகா பக்கமா?”