அங்குசத்துக்குத் தனிக் கட்டணம்

பெறுநர்:
பிரீமியர் லீக் நிர்வாகத்தார்,
லண்டன்.

நவம்பர், 2020

மதிப்பிற்குரிய ஐயன்மீர்,

ஒரு கால்பந்து மேட்ச் பார்க்க 14.95 பவுண்ட் என்று அக்டோபரில் நீங்கள் பெற்றுப் பெயரிட்ட கட்டண ஒளிபரப்பு, சில வாரங்களிலேயே கண்ணை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டேன். துக்கம் விசாரிக்கவே இந்தக் கடிதம்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கொரோனாவால் மைதானங்களுக்குப் பூட்டு; டிக்கெட் வருமானம் சுத்தமாக இல்லை. இந்தக் கோடையில் ஆட்டக்காரர்களை வாங்கவே 120 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்த குடும்பம் வேறு, அடுப்பெரிய வேண்டாமா? அதனால்தான் ஸ்கை, பிடி ஸ்போர்ட் சேனல்களுக்கு ஏற்கெனவே மாதச் சந்தா கட்டுகிறவர்களிடமே மறுபடியும் கை நீட்டினீர்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுவானா என்ற கணக்கு. 20 கிளப்களில் லெஸ்டர் மட்டும்தான் இதற்குத் தலையாட்டவில்லையாம். எந்தக் கல்யாணத்திலும் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு பங்காளி இருப்பான்.

ஆனால் இந்த ரசிகர்கள் இருக்கிறார்களே! அக்டோபர் 17, சனிக்கிழமை இரவு, நியூகாசிலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதின. நியூகாசில் ரசிகர்களில் பலர் டிவியை அணைத்துவிட்டு, அதே 14.95 பவுண்டை ஊரில் ஏழைகளுக்கு உணவு தரும் உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். காசு இல்லாமல் இல்லை, உங்களுக்குக் கொடுக்கத்தான் மனசு இல்லை. லிவர்பூல், லீட்ஸ் என்று மற்ற ஊர்க்காரர்களும் அதே வழியில் இறங்கினார்கள். அன்றைய ஆட்டத்தில் நியூகாசிலுக்கு 1–4 என்று தோல்வி. கடைசி மூன்று கோல்களும் 86-வது நிமிடத்தில் தொடங்கி விழுந்தவை. பணம் கட்டாதவனுக்குப் புண்ணியமும் சேர்ந்தது, அந்த மூன்றையும் பார்க்காமல் தப்பித்த நிம்மதியும் சேர்ந்தது. இத்தனை மலிவாக இரட்டை லாபம் தந்த சேனல் உலகத்தில் வேறில்லை.

காரியம் முடிவதற்குள் ஒரு சின்னப் பாக்கியைத் தீர்த்துக்கொள்வோம். ஆளில்லாத மைதானத்தில் பந்து கம்பத்தில் பட்டால், காலி வீட்டில் குடம் உருண்ட மாதிரி கேட்கிறது. பயிற்சியாளர் திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுகிறது. இந்த வெறுமையை மூட, இஏ ஸ்போர்ட்ஸ் வீடியோ கேமுக்காகச் சேர்த்து வைத்திருந்த கூட்டத்தின் ஆரவாரத்தை எடுத்து ஓடவிட்டது ஸ்கை. கோல் விழுந்தால் ஒரு இரைச்சல், தவறினால் ஒரு ‘அய்யோ’.

அது யார் தொண்டை ஐயா? டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, மழையில் நனைந்து, மறுநாள் பேச்சே வராத அளவுக்குக் கத்தியது நாங்கள். நாங்கள் உள்ளே வர முடியாத காலத்தில் எங்கள் சத்தத்தையே அலங்காரமாக வைத்து எங்களுக்கே விலை போட்டீர்கள். அப்படியானால் கத்திய கூலி என்று ஒன்று பாக்கி நிற்கிறதல்லவா? அதிகம் கேட்கவில்லை: தொண்டைக்கு 14.95 பவுண்ட்.

எனக்கு அனுப்ப வேண்டாம். பூட்டுத் திறந்ததும் நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதான வாசலில் உணவு வங்கிக்காரர்கள் பழையபடி வாளியோடு வந்து நிற்பார்கள். நேரில் வந்து அதில் போடுங்கள். நீங்கள் போடுவதை நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். அதற்கு மட்டும் கட்டணம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத ஒரு தொண்டை