பத்தடி முக்கால் இன்ச் பைப்பைத் தேடுவது எப்படி?

அஸ்தினாபுரத்து ஹார்டுவேர் கடை ஒன்றின் சரக்குப் பட்டியல் எக்ஸ்.எம்.எல் கோப்பில் இருக்கிறது. அதில் தேட ஒரு வழி செய்துதரும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. (மெப்ஸில் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளை தெருவில் இருந்தால் இதெல்லாம் வரும்.) தேட வேண்டிய பெயர்: 10' 3/4" பைப். அடிக்கு ஒற்றைக் குறி, இன்ச்சுக்கு இரட்டைக் குறி.

எக்ஸ்.எம்.எல்லில் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் சரத்தை எந்தக் குறிக்குள் வேண்டுமானாலும் வைக்கலாம். உள்ளே ஒன்று இருந்தால் வெளியே மற்றதைப் போட்டுத் தப்பிக்கலாம். இங்கே இரண்டுமே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. ஊர்ப் பெயருக்கேற்ற பங்காளிச் சண்டை.

முதலில் பேக்ஸ்லாஷ் போடுங்கள். ஜாவாவில் செல்லுபடியாகும் சரக்குதானே! எக்ஸ்பாத்துக்கு அது இன்னொரு எழுத்து, அவ்வளவே. அடுத்த குறியிலேயே சரம் முடிந்துவிடும். மிச்சப் பைப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு &குவாட்; எழுதிப் பாருங்கள். எக்ஸ்.எஸ்.எல்.டி கோப்பில் எழுதினால் பார்சர் அதை முன்கூட்டியே பழைய குறியாக்கித்தான் எக்ஸ்பாத்திடம் கொடுக்கும். நிரலிலிருந்து நேராக அனுப்பினாலோ, அதை யாரும் மாற்றுவதில்லை; அந்த எழுத்துகளையே தேடி வெறுங்கையோடு திரும்பும்.

குறியை இரட்டிப்பாக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்வார். சரிதான், 2007-இல் வந்த எக்ஸ்பாத் 2.0-இல் அது நடக்கும். உங்கள் பிரவுசரோ இன்னும் 1999-இன் 1.0-ஐத்தான் பேசுகிறது. அதில் தப்பிக்கும் குறியே கிடையாது. யோசித்துத்தான் விட்டார்களா என்று கேட்டுப் பயனில்லை.

மானம் போன பிறகு கான்கேட்டுக்கு வாருங்கள். சண்டைக்காரர்களைத் தனித்தனி அறையில் வைத்து ஒட்டும் வேலை அதனுடையது:

//பொருள்[பெயர்=கான்கேட்("10' 3/4", '" பைப்')]

முதல் துண்டு இரட்டைக் குறிக்குள், அடுத்தது ஒற்றைக் குறிக்குள். (பொருள், பெயர் என்று தமிழிலேயே எழுதலாம், எக்ஸ்.எம்.எல் அனுமதிக்கிறது. கான்கேட்டை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

தேடும் சொல்லை வாடிக்கையாளரே தட்டச்சு செய்வதாக இருந்தால் வெட்டி ஒட்டாதீர்கள். நூலகம் இடம் கொடுத்தால் மாறியாக அனுப்புங்கள். இல்லையென்றால் ஒருவர் ' ஆர் '1'='1 என்று அடித்து மொத்தக் கிடங்கையும் திறந்துவிடுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் பைப் கிடைக்கவில்லையா? கடைக்காரர் பட்டியலை வேர்டில் அடித்திருப்பார். அது குறிகளை வளைத்துவிட்டிருக்கும். நேர்க்குறியும் வளைகுறியும் எக்ஸ்பாத்துக்கு வேறு வேறு எழுத்துகள். பட்டியலைத் திருத்துங்கள்.