மாட்டுக்குத் தெரிந்த மூன்று பாஷை

எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பரண் ஏறிய முதுகு இன்னும் வலிக்கிறது.

2009-ல் வாங்கிய கார்டு அங்கே, உங்கள் வீட்டில் இருப்பதைப் போலவே, செத்துப்போன மிக்ஸியின் ஜாருக்கும் செல்போன் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. அதை நம்பித்தான் புது கம்ப்யூட்டருக்கு, பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ போட்ட பிராசஸராகப் பார்த்து வாங்கினேன். அது தானாகப் படம் காட்டாது; அதனால் விலை குறைவு. கார்டுதான் இருக்கிறதே!

கார்டு ஸ்லாட்டில் ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஃபேன் சுற்றியது. மானிட்டரில் மட்டும் அமாவாசை.

மறுநாள் அத்திப்பள்ளியில் பஸ் மாறி பெங்களூரு எஸ்.பி. ரோடு. கடைப் பையன் கார்டைப் புரட்டிப் பார்த்து, “உங்க அப்பாவோடதா சார்?” என்றான். பிறகு விளக்கினான். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 2004-லிருந்து அதேதான், உட்காரும். பாஷைதான் வேறு. என் கார்டுக்குத் தெரிந்தது பழைய பயோஸ்; புது போர்டுக்கு யூ.ஈ.எஃப்.ஐ. மட்டும்தான் புரியும். நடுவில் சி.எஸ்.எம். என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தாராம். புது போர்டுகள் பலவற்றில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதையா ஓசூர்க்காரனிடம் சொல்வது? எங்கள் ஊரில் ரோஜாவுக்குத் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சண்டை போட்டு, வாங்காமலே வீடு திரும்பலாம். என் வீட்டு ஓனர் சம்சாரத்திடம் தெலுங்கு, மாட்டிடம் கன்னடம், வாடகை கேட்க மட்டும் தமிழ். மாடு மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கும். சிப்காட் பக்கம் டீக்கடைக்காரர் இப்போது இந்தியிலும் கடன் இல்லை என்கிறார். ஒடியாவில் ‘சர்க்கரை கம்மி’ வரைக்கும் வந்துவிட்டார். கல்யாணப் பந்தியில் மூன்று பாஷையில் ரசம் கேட்கிறார்கள். இலையில் விழுவது ஒரே ரசம்தான். மலைமேல் சந்திரசூடேஸ்வரர் இத்தனை பாஷையிலும் வேண்டுதல் கேட்கிறார். யாரிடமும், “அப்டேட் பண்ணிட்டு வா” என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை. எங்கள் தெரு நாயைக் கூட... சரி, நாயை விடுங்கள். கோடிக்கணக்கில் டிரான்சிஸ்டர் அடுக்கிய போர்டுக்கு, எங்கள் ஓனர் மாட்டுக்கு இருக்கிற பாஷை ஞானம்கூட இல்லை. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் அழுதவன் சொல்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆங், எஸ்.பி. ரோடு. பையன் புது கார்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

அத்திப்பள்ளி தாண்டியதும் பக்கத்து சீட்காரர் என் மடியிலிருந்த கார்டையே பார்த்துக்கொண்டு வந்தார். “சார், இது சும்மா கெடக்குதுன்னா குடுங்களேன். எங்கிட்ட பழைய மதர்போர்டு ஒண்ணு இருக்கு, அதுக்குக் கரெக்டா ஆகும். ஐந்நூறு ரூபா தர்றேன்.”

கார்டைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தேன். “இல்லீங்க. எனக்கே எப்பவாவது ஆகும்.”