எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

கேள்வி: லண்டனின் ஹரோவில் எந்தக் கடைக்குப் போனாலும் தமிழ் கேட்கிறதே, குடிசன மதிப்பீட்டில் மட்டும் தமிழர் தொகை ஏன் குறைவாகத் தெரிகிறது?

பதில்: குடிசன மதிப்பீடு காதால் கேட்பதை எண்ணுவதில்லை, படிவத்தில் எழுதியதையே எண்ணுகிறது. 2021 மார்ச் 21 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த மதிப்பீட்டில், முதன்மை மொழிக்கு ஒரே விடைதான் தர முடியும் என்பதால், அம்மம்மாவிடம் தமிழிலும் மற்ற எல்லோரிடமும் ஆங்கிலத்திலும் பேசும் பிள்ளை, ஆங்கிலம் என்று குறித்த கணமே தமிழ்க் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. இனக்குழுக் கேள்வியில் இந்தியருக்கும் சீனருக்கும் தனிப் பெட்டிகள் இருக்க, இலங்கைத் தமிழர் 'வேறு ஆசியர்' என்பதைத் தேர்ந்து, தம் இனத்தைத் தாமே எழுதவேண்டியிருந்தது; சோம்பலுக்கும் வரலாற்றுக்கும் இடையே அங்கே ஒரு சிறு போட்டி நடந்திருக்கும்.

படிவமே நிரப்பாதவர்களைத் திட்டமிடுவோர் மறப்பதில்லை. மதிப்பீடு முடிந்த சில வாரங்களில், தெரிந்தெடுத்த பகுதிகளில் வீடு வீடாகச் சென்று தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தி, இரண்டு பட்டியல்களிலும் இருப்பவர் எத்தனை பேர், ஒன்றில் மட்டும் இருப்பவர் எத்தனை பேர் என்று ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டோரின் தொகையை ஊகிக்கிறார்கள். இதற்கு 'உள்ளடக்க மதிப்பாய்வு' என்று பெயர் சொல்லலாம். 2021 மதிப்பீட்டின்படி ஹரோவின் மக்கள்தொகையாக வெளியான ஏறக்குறைய 2,61,200 என்ற எண்ணில், கதவைத் திறக்காதவர்களும் அடக்கம்.